நாட்களுக்கு நிறை வைத்தல்

குருநாகலிலிருந்து தம்புள்ளை வழியாகத் திருகோணமலை நோக்கிச் செல்லும் ஏ-6 பெருந்தெருவில், தம்புள்ளைக்கு இப்பால் அமைந்திருக்கும் கலேவெலையில் பெரிய வெங்காயம் வாங்கி விற்று ஜீவனம் நடத்திய ஒருவன், கொழும்புப் பங்குச் சந்தையின் விலைக் கோடுகளைப் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். வெங்காயத்துக்கும் பங்குக்கும் உள்ள பேதங்கள் அநேகம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாளுக்கு நாள் மாறுகின்ற விலையைக் கண்முன் வைத்துக்கொண்டு, இன்றே கொடுத்துவிடுவதா, இன்னும் சில நாள் வைத்திருப்பதா என்று தீர்மானிக்க வேண்டிய நிர்ப்பந்தம் இரண்டிலும் ஒன்றேதான். அந்தத் தீர்மானத்தில் எனக்குப் பல வருஷங்களாகத் துணை நிற்கும் ஒரு கணக்கைப் பற்றியதே இக்கட்டுரை. வரைபடம் பார்ப்பவர்கள் அதை டபிள்யூ.எம்.ஏ. என்கிறார்கள், நிறையிட்ட நகரும் சராசரி என்று நாம் சொல்லலாம்.

எங்கள் பகுதியில் சிறுபோகத்தில் பயிராகும் வெங்காயம் ஆகஸ்ட் மாதமளவில் கிளம்பத் தொடங்கும். கலேவெல, தம்புள்ளை, சீகிரியா என்று சுற்று வட்டாரம் முழுவதும் ஏககாலத்தில் அறுவடையாவதால், செப்டெம்பரில் எந்தக் கொட்டிலை எட்டிப் பார்த்தாலும் வெங்காயம் குவிந்து கிடக்கும். விலையும் அதற்கேற்ப இறங்கும். பின்னர் ஏறும் என்ற நம்பிக்கையில் வைத்திருப்பவனுக்கோ, காய் உலர உலர நிறை குறைவதும், அழுகல் சேர்வதும், கடன் கொடுத்தவர்கள் வாசலுக்கு வருவதும் தவிர்க்க முடியாதவை. 1999இல் தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையம் ஏற்பட்ட பிறகு எங்கள் ஊர் விலை பெரும்பாலும் அங்கேயே நிர்ணயமாயிற்று. ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் இலங்கை மத்திய வங்கியும் இன்று தம்புள்ளை மொத்த விலையை நாள்தோறும் வெளியிடுகின்றன என்றாலும், அந்த அறிக்கைகள் கைக்கு எட்டும் முன்பே எங்களைப் போன்ற வியாபாரிகள் தத்தம் கொப்பிகளில் விலையைக் குறித்து வைத்திருந்தோம். என்னுடைய கொப்பியில் திகதி, விலை, அன்று இறங்கிய மூடைகள் என்று மூன்று பத்திகள் இருந்தன. மூன்றாவது பத்தியின் அருமை எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கியது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

விலைகளைக் குறித்து வைப்பவன் அடுத்தபடியாகச் செய்வது சராசரி பார்ப்பது. பத்து நாள் விலையைக் கூட்டிப் பத்தால் வகுத்து, மறுநாள் வந்ததும் மிகப் பழைய நாளைத் தள்ளிப் புதிய நாளைச் சேர்த்துக்கொண்டால், அதுவே நகரும் சராசரி. இலகுவானது, எட்டாம் வகுப்புப் பிள்ளையும் போடக்கூடியது. ஆயினும், ஒரு சம்பவத்தை நேற்றுக் கண்ட சாட்சியையும் பத்து நாளுக்கு முன் அவ்வழியே போன சாட்சியையும் ஒரே தராதரத்தில் வைத்துத் தீர்ப்பெழுதும் நீதிபதியைப் போன்றது அது. இதைவிட நூதனமான வேறொரு கோளாறும் அதில் உண்டு. லொறிகள் வராத காரணத்தால் ஒரே ஒரு நாள் மட்டும் விலை 200 ரூபாவிலிருந்து 300 ரூபாவாகி, மறுநாளே பழையபடி 200க்குத் திரும்பிவிட்டதாக வைத்துக்கொள்வோம். பத்து நாட் சாதாரண சராசரி அன்று 210க்கு ஏறும்; ஏறி, அந்த 300 கணக்கை விட்டு விலகும் வரையில் அசையாமல் 210இலேயே நின்று, விலகும் நாளில் ஒரேயடியாக 200க்குச் சரியும். சரியும் அந்த நாளில் சந்தையில் யாதொரு மாறுதலும் நிகழவில்லை. பத்து நாளைக்கு முன் நடந்த ஒன்று கணக்கிலிருந்து கழன்று போனதற்காகக் கோடு விழுகிறது. அதைப் பார்த்து விலை விழுவதாக எண்ணி அவசரமாக விற்றவர்களை நான் கண்டிருக்கிறேன்.

நிறையிட்ட சராசரி இந்த இரண்டு குறைகளையும் ஒரே யுக்தியால் நீக்குகிறது. பத்து நாட் கணக்கென்றால் இன்றைய விலையைப் பத்தாலும், நேற்றைய விலையை ஒன்பதாலும், அதற்கு முந்தியதை எட்டாலும் பெருக்கிக்கொண்டே போய், மிகப் பழைய நாளை ஒன்றால் பெருக்கி, யாவற்றையும் கூட்டி, 55ஆல் வகுக்க வேண்டும். ஒன்று முதல் பத்து வரையான எண்களின் கூட்டுத்தொகையே இந்த 55. மேலே சொன்ன ஒரு நாள் ஏற்றம் இந்தக் கணக்கில் முதல் நாள் 218 ரூபா 18 சதமாகத் தோன்றி, பின்னர் நாளொன்றுக்கு 1 ரூபா 82 சதம் வீதம் படியிறங்கி, சந்தடி இல்லாமல் கணக்கை விட்டு வெளியேறுகிறது. நுழையும்போது உரத்து நுழைந்தது, போகும்போது ஒருவரையும் திடுக்கிடச் செய்யவில்லை. நான் இந்தக் கோட்டை விரும்புவதற்குப் பிரதான காரணம் அதன் வேகமன்று, இந்த அடக்கமான வெளியேற்றமே.

நாள்தோறும் பத்துப் பெருக்கல் போடுவது சிரமம் என்று எண்ணுவோருக்காக, கையால் கணக்குப் போட்ட காலத்தில் நான் கைக்கொண்ட ஒரு குறுக்கு வழியை இங்கே எழுதி வைக்கிறேன். ஐந்து நாள் விலைகள் முறையே 180, 184, 190, 186, 195 என்று இருக்கட்டும். சாதாரணக் கூட்டுத்தொகை 935. நிறையிட்ட கூட்டுத்தொகை 180, 368, 570, 744, 975 ஆகியவை சேர்ந்து 2,837. அதை 15ஆல் வகுத்தால் 189 ரூபா 13 சதம். ஆறாம் நாள் விலை 200 என்று வருகிறது. பழைய நிறையிட்ட தொகையான 2,837இலிருந்து சாதாரணத் தொகையான 935ஐக் கழித்து, புதிய விலையின் ஐந்து மடங்கான 1,000ஐக் கூட்டினால் 2,902 கிடைக்கும். 15ஆல் வகுக்க 193 ரூபா 47 சதம். அவ்வளவுதான். சாதாரணத் தொகையை ஒரு தரம் கழிக்கும்போது ஒவ்வொரு நாளின் நிறையும் ஒவ்வொன்றாகக் குறைந்து, மிகப் பழைய நாளின் நிறை பூச்சியமாகிவிடுகிறது என்பதே இதன் இரகசியம். பிறகு 935இலிருந்து பழைய 180ஐ நீக்கி 200ஐச் சேர்த்து 955 என்று அடுத்த நாளைக்காகக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு கழித்தல், இரண்டு கூட்டல், ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கு வியாபாரிகளின் கண்டுபிடிப்பன்று என்று பிற்காலத்தில் வாசித்தறிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எராஸ்டஸ் டி ஃபாரஸ்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞர், ஆயுள் காப்புறுதிக்காரர்களின் மரண அட்டவணைகளிலுள்ள மேடுபள்ளங்களைச் சமன் செய்வதற்காக நிறையிட்ட சராசரிகளை ஆராய்ந்தார். 1904இல் ஜோன் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயர் இங்கிலாந்தின் பரஸ்பர சகாய சங்கமொன்றின் நோய், மரண விகிதங்களைச் சீராக்குவதற்குப் பதினைந்து உறுப்புகள் கொண்ட ஒரு சூத்திரத்தை வகுத்தார். அதில் நடு உறுப்புக்கு 74 என்ற நிறை; அதிலிருந்து இரு புறமும் 67, 46, 21, 3 என்று குறைந்து, ஓரங்களில் கழித்தல் எண்களாகவே ஆகிவிடும்; மொத்தம் 320. ஸ்பென்சரின் சூத்திரம் நடுவில் பாரம் வைக்கிறது, நம்முடையது விளிம்பில் வைக்கிறது என்ற வித்தியாசத்தை நான் நெடுநேரம் யோசித்ததுண்டு. நாற்பது வயதினரின் மரண விகிதத்தைச் சீராக்கப் புகுந்தவருக்கு முப்பத்து மூன்று வயதினரின் கணக்கும் கையில் இருந்தது, நாற்பத்தேழு வயதினரின் கணக்கும் கையில் இருந்தது. விலை பார்ப்பவனுக்கோ இடப்பக்கம் மட்டுமே உண்டு. வலப்பக்கம் இன்னும் நிகழவில்லை. ஆகவேதான் அவன் வேறு வழியில்லாமல் முழுப் பாரத்தையும் இன்றைய நாளின் தலையில் ஏற்றுகிறான். நாளையைப் பற்றி ஏதோ தெரிந்திருப்பதால் அல்ல, தெரியாத காரணத்தாலேயே இன்றைக்கு அத்தனை நிறை கொடுக்கப்படுகிறது என்பதை வரைபடம் பார்க்கும் இளைஞர்களில் எத்தனை பேர் உணர்ந்திருக்கிறார்கள் என்று நான் அறியேன்.

பங்குச் சந்தைக்கு என்னை அழைத்துச் சென்றவன் என் சகோதரியின் மகன். கொழும்பில் 1896ஆம் ஆண்டிலேயே, தேயிலைத் தோட்டங்களுக்கு மூலதனம் திரட்டும் பொருட்டுத் தரகர்கள் சங்கமொன்றை அமைத்துப் பங்கு வியாபாரம் தொடங்கிவிட்டார்கள் என்றாலும், கலேவெலையில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் பங்கு வாங்கலாம் என்பது கைத்தொலைபேசி வந்த பிறகே சாத்தியமான காரியம். ஒரு நாள் அவன் தொலைபேசித் திரையை என்னிடம் நீட்டி, "மாமா, விலை கோட்டை வெட்டி மேலே போயிட்டுது, வாங்குவமா?" என்றான். திரையைப் பார்த்தேன். என் கொப்பிக் கணக்கு அங்கே நீல நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "எத்தனை நாள் கோடு மகன்?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை, இயந்திரம் எதைப் போட்டிருந்ததோ அதை அவன் அப்படியே விட்டிருந்தான். அன்றிலிருந்து மாமனும் மருமகனுமாக ஒவ்வொரு மாலையும் இறுதி விலைகளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பது எங்கள் வழக்கமாயிற்று. சந்தை காலை 9.30 முதல் பிற்பகல் 2.30 வரை நடக்கும். கடையில் தராசைக் கவனிக்கிறவனுக்கும், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகிறவனுக்கும் அந்த நேரத்தில் திரையை வெறித்துக்கொண்டிருக்க ஒழியாது. இறுதி விலையை மாத்திரம் கொண்டு போடும் இந்தக் கணக்கு எங்களைப் போன்றவர்களுக்கென்றே அமைந்தது என்று சொல்லலாம்.

திரையில் இதற்கு ஒரு போட்டியாளர் உண்டு. ஈ.எம்.ஏ. என்ற அடுக்குக்குறிச் சராசரியையே இன்று பெரும்பாலானோர் விரும்புகிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் என்னவென்று மருமகன் கேட்டபோது, விலை 200இலிருந்து 300க்கு ஏறி அங்கேயே நிலைத்துவிட்டதாக வைத்து இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். முதல் நாள் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின: 218 ரூபா 18 சதம். இது தற்செயலன்று, பத்து நாட் கணக்கில் புதிய விலைக்கு இரண்டும் கொடுக்கும் பங்கு பதினொன்றில் இரண்டே. ஐந்தாம் நாளிலோ நிறையிட்ட சராசரி 272 ரூபா 73 சதத்துக்கு வந்துவிட, மற்றது 263 ரூபா அளவில் பின்தங்கியது. சாதாரண சராசரி 250இல் நின்றது. பத்தாம் நாள் நம்முடையது சரியாக 300ஐத் தொட்டுப் பழைய 200ஐ முற்றாக மறந்துவிட்டது. அடுக்குக்குறிச் சராசரி அன்றும் 286 ரூபா 56 சதத்திலேயே இருந்தது. அது எந்தப் பழைய விலையையும் ஒருபோதும் முழுமையாக மறப்பதில்லை. ஒரு போகத்து விலைக்கும் மறு போகத்து விலைக்கும் சம்பந்தமே இல்லாத வியாபாரத்தில் வளர்ந்த எனக்கு, மறக்கத் தெரிந்த கணக்கே உவப்பாக இருந்தது.

ஆனால் அதுவும் பின்தங்கியே வரும். விலை ஒரே சீராக ஏறிக்கொண்டிருக்கும்போது பத்து நாட் சாதாரண சராசரி நாலரை நாளும், நிறையிட்ட சராசரி மூன்று நாளும் பிந்தி நடக்கும். நாளுக்கு 3 ரூபா ஏறும் பொருளில் கோடு 9 ரூபா கீழே கிடக்கும். இந்தப் பிந்துதலை ஒழிக்க முயன்றோர் பலர். நிறையிட்ட சராசரியை மூன்று மடங்காக்கி, அதிலிருந்து சாதாரண சராசரியின் இரு மடங்கைக் கழித்தால், அந்த விலைகளுக்கூடாகப் பொருத்தமாக வரையப்படும் நேர்கோட்டின் இன்றைய முனை கிடைக்கிறது; மேலே சொன்ன ஐந்து நாள் உதாரணத்தில் அது 193 ரூபா 40 சதம். 2005இல் அலன் ஹல் என்ற அவுஸ்திரேலியர் நிறையிட்ட சராசரிகளையே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தம் பெயரால் ஒரு கோட்டை உண்டாக்கினார். இவையெல்லாம் கெட்டிக்காரத்தனமானவைதாம். ஆனால் வேகத்தை வாங்கும்போது நிதானத்தை விற்கிறோம். சிறு சலனத்துக்கெல்லாம் வளைந்து கொடுக்கும் கோடு, கோடில்லாத விலையைவிட அதிகமாக எதையும் எனக்குச் சொன்னதில்லை.

2021, 2022ஆம் ஆண்டுகளில் இந்தக் கோட்டின் பலமும் பலவீனமும் ஒருங்கே வெளிப்பட்டன. 1985இல் 100 என்ற அடியிலிருந்து கணக்கிடப்பட்டு வரும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், 2020ஐ 6,774இல் முடித்து, 2021ஐ 12,226இல் முடித்தது. ஒரே வருஷத்தில் ஏறத்தாழ 80 வீத ஏற்றம். அந்த வருஷத்தின் கடைசி மாதங்களில், முப்பது நாள் நிறையிட்ட கோடு விலைக்குக் கீழே ஒரு பாதுகாவலனைப் போல் கூடவே வந்தது. 2022 ஜனவரியில் சுட்டெண் 13,000ஐத் தாண்டிய பின் வீழ்ச்சி தொடங்கியது. உச்சத்தில் விற்கும்படி கோடு யாருக்கும் சொல்லவில்லை; அது அதன் தொழிலுமன்று. உச்சம் கழிந்து, விலை கோட்டுக்குக் கீழே இறங்கிய பிறகு, இனி இருப்பதில் நியாயமில்லை என்று சொல்லிற்று. மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தி 13.5, 14.5 ஆக்கியது, ஏப்ரல் 18 முதல் ஒரு வாரம் பங்குச் சந்தையே மூடப்பட்டு, 25ஆம் திகதி திறந்த அன்று வீழ்ச்சியின் வேகத்தால் வர்த்தகம் மீண்டும் நிறுத்தப்பட்டது. புத்தாண்டு விடுமுறைக்கு முந்திய கடைசி விலையை நமது கணக்கு "நேற்று" என்றே கருதி இரண்டாவது பெரிய நிறையைக் கொடுத்தது. நாட்டில் அந்த இடைவெளிக்குள் என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியாது. அந்த ஆண்டு 8,489இல் முடிந்தது.

வெங்காயத்திலும் இதே கதைதான். இந்தியா 2019 செப்டெம்பரிலும், 2020 செப்டெம்பரிலும், மறுபடி 2023 டிசெம்பரிலும் வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தபோது எங்கள் சந்தை ஒரே இரவில் வேறு சந்தையாயிற்று. எங்கள் அரசாங்கமும் 2007ஆம் ஆண்டின் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ் வர்த்தமானி ஒன்றை வெளியிட்டு இறக்குமதி வெங்காயத்தின் மீதான வரியை ஏற்றலாம், இறக்கலாம். வர்த்தமானி வெளிவந்த காலையில் பத்து நாட் சராசரியைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகிறவனுக்கு அது எவ்விதப் பிரயோஜனமும் தராது. அப்படிப்பட்ட நாட்களில் நான் பழைய கணக்கை மூடிவிட்டு, புதிய விலையை முதல் நாளாக வைத்துப் புதிதாகவே தொடங்குவேன்.

இனி அந்த மூன்றாவது பத்தி. கொழும்புச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனிகள் முந்நூறுக்குச் சற்றுக் குறைவு. அவற்றுள் தினமும் இலட்சக்கணக்கில் கைமாறும் பங்குகள் சில, நாள் முழுவதும் நூறு பங்குகூடக் கைமாறாதவை பல. நான்கு நாட்கள் தலா 20,000 பங்குகள் 50 ரூபாவுக்குக் கைமாறி, ஐந்தாம் நாள் யாரோ ஒருவர் வெறும் 100 பங்குகளை 56 ரூபாவுக்கு வாங்கிவிடுகிறார் என்று வையுங்கள். ஐந்து நாள் நிறையிட்ட சராசரி, அந்த நூறு பங்குக்குப் பதினைந்தில் ஐந்து பாகம் நிறை கொடுத்து, கோட்டை 52க்குத் தூக்கிவிடும். கைமாறிய தொகையையே நிறையாக வைத்தால் சராசரி 50 ரூபாவை விட்டு ஒரு சதம்கூட நகராது. சாதாரண சராசரியானால் 51 ரூபா 20 சதத்தோடு நின்றிருக்கும். புதுமைக்குக் கொடுத்த மரியாதையே இங்கே பொய்க்குத் துணை போகிறது. தம்புள்ளையிலும் இரண்டு லொறி மாத்திரம் இறங்கிய நாளின் விலை உண்டு, நாற்பது லொறி இறங்கிய நாளின் விலையும் உண்டு. விவசாயிகள் முன்னதை நினைவில் வைத்துக்கொண்டு வருவார்கள், வியாபாரிகள் பின்னதை. மூடைக் கணக்கை எழுதி வைத்தவனுக்கே இரண்டுக்கும் நடுவிலுள்ளது தெரியும்.

ஆகவே நாளின் புதுமைக்குரிய நிறையையும் அன்று கைமாறிய தொகையையும் ஒன்றோடொன்று பெருக்கி, அந்தப் பெருக்கத்தையே ஒவ்வொரு விலைக்கும் நிறையாக வைப்பது எனது பழக்கமாயிற்று. மேற்சொன்ன உதாரணத்தில் அது 50 ரூபா ஒன்றரைச் சதத்தைக் காட்டும். திரைகளில் தானே வராத இந்தக் கோட்டை மருமகன் தன் கணினியில் போட்டு வைத்திருக்கிறான். நான் இன்னும் கொப்பியில்தான் போடுகிறேன். எத்தனை நாள் எடுப்பது என்பதில் பெரிய சாஸ்திரம் ஒன்றுமில்லை: வெங்காயத்துக்கு ஐந்து நாள், பங்குக்குப் பத்தும் முப்பதும். சுட்டெண்ணுக்குக் கோடு வரைவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அந்தச் சுட்டெண்ணே சந்தைப் பெறுமதியால் நிறையிடப்பட்டது. மூலதனம் பெருத்த சில கம்பனிகள் ஏறினால், மற்றவை கிடந்தபடி கிடக்க, அது ஏறும். உங்கள் கையில் எந்தப் பங்கு இருக்கிறதோ அதற்குத்தான் கோடு வரைய வேண்டும்.

புதிதாக இத்துறைக்கு வரும் பிள்ளைகளே, திரை வரைந்து தரும் கோட்டை நம்புவதற்கு முன் ஒரு மாத காலம் கையால் கணக்கிட்டுப் பாருங்கள். விலைக்குப் பக்கத்தில் கைமாறிய தொகையையும் எழுதுங்கள். வாரத்தின் ஐந்து நாட்களில் ஒரு நாளாவது கைமாறாமல் கிடக்கும் பங்குக்கு இந்தக் கோட்டை வரையவே வேண்டாம்.